கோல் விழுந்த நேரமும் நாம் அறிந்த நேரமும்: விளையாட்டு வர்த்தகத்தில் தரவுப் பொறியாளரின் வேலை

விளையாட்டுப் போட்டிகள் எப்படி முடியும் என்று கணக்குப் போட்டு மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டை நம்பிப் பந்தயச் சந்தையில் பணம் இறக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. புள்ளியியல் படித்தவர்கள் அங்கே மாதிரிகளை, அதாவது முடிவுகளின் வாய்ப்பைக் கணிக்கும் கணக்கு முறைகளை, உருவாக்குகிறார்கள், வர்த்தகர்கள் சந்தையைக் கவனிக்கிறார்கள், நிரலாளர்கள் எல்லாவற்றையும் தானாக இயங்கச் செய்கிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்தைத் தொடர்பவர்களுக்கு இந்த உலகம் ஓரளவு தெரிந்ததே. பிரைட்டன் கிளப்பின் உரிமையாளர் டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்ட் கிளப்பின் உரிமையாளர் மேத்யூ பென்ஹம் இருவரும் இந்தத் தொழிலில் பொருள் ஈட்டியவர்கள். அவர்களுக்கு முன்பே, 1980-களில், பில் பென்டர் என்ற அமெரிக்கர் ஹாங்காங் குதிரைப் பந்தயத்தில் கணினி மாதிரியை வைத்துப் பெரும் செல்வம் சேர்த்தார். தம் முறையை 1994-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார்.

இந்தக் கதைகளில் புகழ் முழுவதும் மாதிரிக்கே போய்ச் சேர்கிறது. மாதிரிக்கு இரை போடும் தரவுப் பொறியாளரைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. தகவல்களைச் சேகரித்து, சுத்தம் செய்து, உரிய இடத்தில் உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பது அவர் வேலை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், தவறில்லை. ஆனால் மற்றத் துறைகளில் தரவுப் பொறியாளர் செய்யும் வேலையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு கேள்வி: இந்தத் தகவல் நமக்கு எப்போது தெரியும்? இந்தக் கேள்வியை விடாமல் கேட்பவர்தான் இங்கே நல்ல தரவுப் பொறியாளர் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் விலை

பந்தயச் சந்தையில் விலை என்பது வாய்ப்பின் மறுவடிவம். ஒரு கால்பந்து ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் ஆடும் அணியின் வெற்றிக்கு 2.50 என்று விலை இருந்தால், 100 கட்டியவருக்கு அந்த அணி வென்றால் கட்டிய பணமும் சேர்ந்து 250 கிடைக்கும். 1-ஐ 2.50-ஆல் வகுத்தால் 0.40. அதாவது அந்த அணி வெல்ல 40 சதவீத வாய்ப்பு என்று விலை சொல்கிறது. சமநிலைக்கு 3.30, எதிரணிக்கு 2.90 என்று வைத்துக்கொள்வோம். அவை முறையே 30.3, 34.5 சதவீதம். மூன்றையும் கூட்டினால் 104.8 வருகிறது. நூறுக்கு மேல் நிற்கும் அந்த 4.8-இல்தான் பந்தய நிறுவனத்தின் வருமானம் இருக்கிறது. கணக்கு தொடக்கத்திலேயே வாடிக்கையாளருக்கு எதிராகச் சாய்ந்திருப்பதால்தான் பந்தயம் கட்டுபவர்களில் பெரும்பாலோர் நாளடைவில் பணத்தை இழக்கிறார்கள். இந்தத் துறைக்கு வர விரும்புபவர் இதை மனத்தில் இருத்திக்கொண்டே வர வேண்டும்.

2000-இல் லண்டனில் தொடங்கிய பெட்ஃபேர் இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. அங்கே வாடிக்கையாளர்களே ஒருவருக்கொருவர் எதிராகப் பந்தயம் கட்டுகிறார்கள். ஒருவர் 'இது நடக்கும்' என்று பணம் கட்டுவார், இன்னொருவர் 'நடக்காது' என்று அதே பந்தயத்தை ஏற்பார். நடுவில் நிற்கும் இத்தகைய சந்தையை எக்ஸ்சேஞ்ச் என்பார்கள்; அது கமிஷன் எடுத்துக்கொள்ளும். பங்குச் சந்தையைப் போலவே விலை நொடிக்கு நொடி ஏறி இறங்கும். வர்த்தகம் என்ற சொல் இங்கே பொருந்துவது இதனால்தான்.

இனி லாபம் எவ்வளவு மெலிதானது என்று பாருங்கள். சந்தை 40 சதவீதம் என்கிறது, நம் மாதிரி 42 என்கிறது, 42-தான் உண்மையும் கூட. 2.50 விலையில் கட்டும் ஒவ்வொரு 100-க்கும் சராசரியாக 5 கிடைக்கும். உண்மை 40 என்றால் ஒன்றும் கிடைக்காது. 39 என்றால் நஷ்டம். எல்லாமே அந்த இரண்டு சதவீதப் புள்ளிக்குள் நடக்கிறது. ஒரு ஆட்டம் தரவு அட்டவணையில் இரண்டு முறை பதிவானாலோ, காயம்பட்ட வீரர் ஆடியதாகக் குறிக்கப்பட்டாலோ, மதிப்பீடு அந்த அளவுக்கு நகர்ந்துவிடக்கூடும். வேறு தொழிலில் ஓர் அறிக்கையின் ஓரத்தில் நிற்கும் சிறு பிழை, இங்கே நேரடியாகப் பணமாகப் போகிறது.

எதிர்காலம் கசியும் அட்டவணை

தகவல்கள் பல திசைகளிலிருந்து வருகின்றன. ஆப்டா, ஸ்போர்ட்ரேடார், ஜீனியஸ் ஸ்போர்ட்ஸ் ஆகிய தகவல் நிறுவனங்கள் ஆட்ட நிகழ்வுகளை விற்கின்றன. பெரும்பாலான நிகழ்வுகளுக்குப் பின்னால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே விசைகளை அழுத்தும் ஒரு மனிதர் இருக்கிறார். எக்ஸ்சேஞ்சிலிருந்து விலை மாற்றங்கள் வருகின்றன. அணிப் பட்டியல், காயச் செய்தி, வானிலை, ஒத்திவைப்பு அறிவிப்பு எல்லாம் தனித்தனி வழிகளில் வருகின்றன. இவற்றில் எதுவும் ஒரே தடவை வந்து அப்படியே நின்றுவிடுவதில்லை. பிறகு திருத்தம் வரும். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை நிதானமாகப் பார்ப்போம். ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கு. 2 மணி வாக்கில் அணிப் பட்டியல் வெளியாகிறது. அதில் முக்கியமான முன்கள வீரரின் பெயர் இருக்கிறது. 2:40-க்குப் பயிற்சி ஓட்டத்தின்போது அவருடைய தொடைத் தசை பிடித்துக்கொள்கிறது. அவர் விலக, மாற்று வீரர் களமிறங்குகிறார். தகவல் நிறுவனம் திருத்தம் அனுப்புகிறது. நம் நிரல் அந்தத் திருத்தத்தைப் பெற்று, பழைய வரியை அழித்து, புதிய பெயரை எழுதிவிடுகிறது. அட்டவணை இப்போது சரியாக இருக்கிறது. யார் ஆடினார் என்று கேட்டால் சரியான பதில் வரும்.

சில மாதங்கள் கழித்துப் புள்ளியியலாளர் ஒருவர் பழைய ஆட்டங்களை வைத்துத் தன் மாதிரியைச் சோதிக்கிறார். 'பட்டியல் வெளியாகி ஐந்து நிமிடத்தில், 2:05-க்கு, பந்தயம் கட்டினால் என்ன ஆகும்?' என்பது அவர் கேள்வி. மாதிரி நம் அட்டவணையைப் படிக்கிறது. முன்கள வீரர் இல்லை என்று அதற்குத் தெரிகிறது. அன்று 2:05-க்குச் சந்தைக்கு அது தெரியாது; விலை அவர் ஆடுவார் என்ற நினைப்பிலேயே இருந்தது. எனவே எதிரணிக்கு இருக்க வேண்டியதைவிட அதிக விலை கிடைப்பதாக மாதிரி கண்டுபிடிக்கிறது, கட்டுகிறது, ஜெயிக்கிறது. இப்படிப் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் சேர்ந்தால் போதும், வரைபடத்தில் லாபக் கோடு அழகாக மேலே ஏறும். உண்மைப் பணத்தை இறக்கியதும் அந்த லாபம் காணாமல் போகும். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதிய மாணவனின் மதிப்பெண் அது.

இந்தப் பிழையின் கொடுமை என்னவென்றால், எந்த வரியைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அதில் தவறில்லை. எல்லாத் தகவலும் உண்மை. காலம் மட்டும் பொய்.

மருந்து எளிமையானது, ஆனால் ஒழுக்கம் வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. திருத்தம் வந்தால் புதிய வரியாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் குறைந்தது இரண்டு நேரங்கள் இருக்க வேண்டும்: நிகழ்வு களத்தில் நடந்த நேரம் ஒன்று, தகவல் நம் கணினியை வந்தடைந்த நேரம் இன்னொன்று. தகவல் நிறுவனம் தன் பக்கத்தில் முத்திரையிட்ட நேரமும் கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எந்தக் கேள்வியும் 'இந்தத் தருணத்தில் நமக்குத் தெரிந்திருந்தபடி' என்ற நிபந்தனையோடுதான் அட்டவணைக்குள் போக வேண்டும். 2:05-இன்படி கேட்டால் முன்கள வீரர் அணியில் இருக்கிறார் என்றும், 2:45-இன்படி கேட்டால் இல்லை என்றும் பதில் வர வேண்டும். இரண்டும் சரியான பதில்கள். இப்படி இரண்டு காலங்களை வைத்துச் சேமிப்பது பழைய யோசனைதான். தரவு அட்டவணைகளிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

பெட்ஃபேரின் பழைய விலைக் கோப்புகளைத் திறந்தால் இந்த ஒழுக்கம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு செய்தி. அதில் வெளியிட்ட நேரம் மில்லிவினாடிக் கணக்கில் இருக்கும். அந்தக் கணத்தில் மாறிய விலைகள் மட்டும் இருக்கும். ஒரு விலைக்கு எதிரே தொகை பூஜ்யம் என்று வந்தால் அந்த விலையை எடுத்துவிட வேண்டும் என்று பொருள். முழுச் சந்தையின் நிலையை அறிய முதல் வரியிலிருந்து வரிசையாகப் படித்து நாமே கட்டியெழுப்ப வேண்டும். நடுவில் ஒரே ஒரு வரி தவறினாலும் அதன் பிறகு நாம் பார்க்கும் விலைகளை நம்ப முடியாது. தொடக்கத்தில் இது எரிச்சலூட்டும். கொஞ்ச நாள் பழகினால் இதைவிட நேர்மையான கோப்பு அமைப்பு இல்லை என்று தோன்றும். நிகழ்ந்த வரிசையிலேயே எல்லாம் இருக்கிறது, பின்னால் வந்து யாரும் அலங்கரிக்கவில்லை.

ஆட்டம் நடக்கும்போது

நேரடி ஆட்டத்தில் இதே கேள்வி வினாடிகளாகச் சுருங்குகிறது. தொலைக்காட்சியில் பார்ப்பவர் மைதானத்தில் இருப்பவருக்குச் சில வினாடிகள் பின்னால் இருக்கிறார். இணைய ஒளிபரப்பு பெரும்பாலும் அதற்கும் பின்னால் இருக்கும். அந்த வினாடிகளுக்கு விலை உண்டு. 2014 ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸில், மைதானத்தில் அமர்ந்து ஒவ்வொரு புள்ளியையும் உடனுக்குடன் வெளியே அனுப்பிய பிரிட்டிஷ்காரர் ஒருவரைப் போலீசார் கைது செய்தார்கள். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. இந்த வேகப் போட்டியைச் சமாளிக்கத்தான் ஆட்டம் நடக்கும்போது வரும் பந்தயங்களை எக்ஸ்சேஞ்ச் சில வினாடிகள் நிறுத்திவைத்து ஏற்கிறது. பழைய தரவை வைத்துச் சோதிப்பவர் இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திரையில் கண்ட விலை கையில் கிடைத்த விலை ஆகாது.

இன்னொரு நுட்பமான ஆபத்து மௌனம். பத்து நிமிடமாக ஆட்டத்தில் கோல் இல்லை, கார்னர் இல்லை, அட்டை இல்லை. ஆட்டம் மந்தமாகப் போகிறதா, தகவல் வரும் இணைப்பே அறுந்துவிட்டதா? மாதிரிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய ஸ்கோரை நம்பிப் பந்தயம் கட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 'உயிரோடிருக்கிறேன்' என்று தகவல் நிறுவனம் அவ்வப்போது ஒரு வெற்றுச் செய்தி அனுப்பும். அந்தத் துடிப்பு குறித்த நேரத்தில் வரவில்லை என்றால் வர்த்தகத்தைத் தானாக நிறுத்த வேண்டும். யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தரவுப் பொறியாளர் எழுதும் நிரல்களில் அதிகப் பணத்தைக் காப்பாற்றுவது இந்தச் சின்ன நிரலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெயர்களும் முடிவுகளும்

ஒரே அணியை ஐந்து நிறுவனங்கள் ஐந்து விதமாக எழுதும். ஐபிஎல் அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி டேர்டெவில்ஸ் 2019 பருவம் முதல் டெல்லி கேப்பிட்டல்ஸ். கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021 முதல் பஞ்சாப் கிங்ஸ். பெயர் மாறினாலும் அணி அதே அணி. டெக்கான் சார்ஜர்ஸும் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்தும் ஒரே நகரத்தின் பெயரில் ஆடியவை, ஆனால் வெவ்வேறு அணிகள். 2016-இல் ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட்ஸ் என்று இருந்த அணி அடுத்த ஆண்டு கடைசி 'ஸ்' எழுத்தை விட்டுவிட்டது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு அவை இரண்டு அணிகள். வீரர்களிடம் வந்தால் இன்னும் மோசம். ஆர். அஷ்வின், ரவிச்சந்திரன் அஷ்வின், அஷ்வின் ரவிச்சந்திரன் மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும். எனவே ஒவ்வொரு அணிக்கும் வீரருக்கும் நாமே ஓர் அடையாள எண் கொடுத்து, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும் அதனோடு இணைக்கும் அட்டவணையைப் பராமரிக்க வேண்டும். தெரியாத பெயர் வந்தால் ஊகிக்காமல் மனிதரின் பார்வைக்கு அனுப்பிவிட வேண்டும். சலிப்பான வேலைதான். இதைக் கவனமாகச் செய்யும் நிறுவனத்துக்கும் செய்யாத நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு மாதிரியின் துல்லியத்தில் வெளிப்படும்.

முடிவுகளும் நினைப்பதுபோல் எளிதல்ல. 2019 ஜூலை 14-இல் லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஒரு வரியாக எப்படிப் பதிவுசெய்வீர்கள்? நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சூப்பர் ஓவரில் 15, 15. இங்கிலாந்து 26 பவுண்டரி, நியூசிலாந்து 17 பவுண்டரி அடித்திருந்ததால் கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. 'வென்றவர்' என்று அட்டவணையில் ஒரே ஒரு பத்தியை (நெடுவரிசையை) வைத்து அதில் இங்கிலாந்து என்று எழுதினால், இரு அணிகளின் பலத்தை அளக்கும் மாதிரி அன்று இங்கிலாந்து மேலாக ஆடியதாக எடுத்துக்கொள்ளும். ஓட்டங்கள் சொல்வது அதையல்ல. ஆட்டம் சமம் என்பது ஒரு பத்தி, கோப்பை யாருக்கு என்பது வேறொரு பத்தி, எந்த விதியின்படி என்பது மூன்றாவது. பந்தயம் யாருக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட்டது என்பது நான்காவதாகவும் இருக்க வேண்டும். டென்னிஸ் வீரர் பாதியில் விலகினால் பந்தயம் செல்லுமா செல்லாதா என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனி விதி வைத்திருக்கிறது.

இங்கே ஒரு சபலமும் வரும். 2020 ஜூன் 17-இல் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கும் நடந்த ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டிக் கோலுக்குள் போனது. கோல்கோட்டுக் கருவி சைகை கொடுக்கவில்லை. கேமராக்களை வீரர்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. அதை 0-1 என்று, ஷெஃபீல்டின் வெற்றியாக, திருத்திவிடலாமா? கூடாது. அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்பட்டதை அப்படியே வைத்துவிட்டு, பந்து கோட்டைத் தாண்டியது என்பதைத் தனிக் குறிப்பாகச் சேர்க்கலாம். எதை நம்புவது என்று புள்ளியியலாளர் முடிவு செய்யட்டும். சாட்சியைத் திருத்துவது நம் வேலை இல்லை.

தினசரிச் சோதனைகளிலும் இதே நிதானம் வேண்டும். பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஒரு பருவத்தில் 380 ஆட்டங்கள். 379 இருந்தால் ஒன்று தொலைந்திருக்கிறது. அடித்த கோல்களின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். ஓர் ஓவருக்கு ஆறு சரியான பந்துகள். ஆனால் நடுவர் எண்ணிக்கையில் தவறி ஏழு பந்து வீசப்பட்ட ஓவர்களும் உண்மையிலேயே உண்டு. ஆகவே விதி மீறிய வரியை நிரல் சுட்டிக்காட்ட வேண்டுமே தவிர நீக்கக் கூடாது. நேரங்களை எல்லாம் உலகப் பொது நேரமான யூடிசியில் சேமியுங்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் கடிகாரத்தை மாற்றுவதால் மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி நேரம் நான்காகிவிடும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைத்தான், எஸ்க்யூஎல் இரண்டும் கட்டாயம். ஓடி வரும் செய்திகளை வாங்கி வரிசைப்படுத்த காஃப்கா போன்ற ஒன்று, தினசரி வேலைகளை நேரப்படி இயக்க ஏர்ஃப்ளோ போன்ற ஒன்று, பெரிய அட்டவணைகளைச் சேமிக்க பார்க்கே என்ற வகைக் கோப்புகள். இவை எந்தத் துறையிலும் கற்றுக்கொள்ளக்கூடியவை. புள்ளியியலும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்ஸும் 1997-இல் வெளியிட்ட கால்பந்து மாதிரியைப் படித்தால், அண்மைய ஆட்டங்களுக்கு அதிக எடையும் பழையவற்றுக்குக் குறைந்த எடையும் கொடுக்கிறார்கள் என்று தெரியும். தேதி தவறினால் எடையும் தவறும் என்பது அப்போது தானாகவே விளங்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையம் உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிறது. அமெரிக்காவில் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே பெரும்பாலான மாநிலங்கள் விரும்பினால் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க வழி பிறந்தது. பல நாடுகளில் இது குற்றம். வேலைக்குச் சேரும் முன் அந்த நிறுவனம் எங்கே, எந்த உரிமத்தின் கீழ் இயங்குகிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பந்தயமே கட்டாமல் இந்த வேலையின் சாரத்தைப் பழகலாம். கிரிக்ஷீட் தளம் சர்வதேச ஆட்டங்களையும் டி20 லீக்குகளையும் பந்துக்குப் பந்து இலவசமாகத் தருகிறது. வீரர்களின் அடையாளப் பட்டியலும் அங்கே உண்டு. ஸ்டேட்ஸ்பாம் சில கால்பந்துத் தொடர்களின் நிகழ்வுத் தரவைத் திறந்து வைத்திருக்கிறது. கிரிக்ஷீட் கோப்புகளை இறக்கி, எந்த வீரருக்கும் எந்தத் தேதிக்கும் 'அன்று காலை வரை தெரிந்த' சராசரியைச் சொல்லும் ஓர் அட்டவணையைக் கட்டுங்கள். அன்றைய ஆட்டம் அதில் சேரக் கூடாது. கட்டி முடித்ததும் ஏதாவது ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேதியின் ஆட்டங்களையும் அதற்குப் பிந்தைய எல்லா ஆட்டங்களையும் நீக்கிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஓட்டுங்கள். அந்தத் தேதிக்கான சராசரிகள் முன்பு வந்தபடியே, கடைசித் தசமம் வரை, வர வேண்டும். ஓர் எண் மாறினாலும் எங்கோ எதிர்காலம் கசிகிறது. எந்த வரியில் என்று கண்டுபிடியுங்கள்.